மெனோரா ஏற்றமும் 25 வெள்ளி ஃபில்டரும்

ஈப்போவிலிருந்து வடக்கே கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு அந்த ஏற்றத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் நெடுஞ்சாலை மலையைப் பார்த்து ஏறத் தொடங்கும். இடப்பக்கம் லோரிகள் நான்கு விளக்கையும் போட்டுக்கொண்டு நத்தை மாதிரி நகரும். மெனோரா சுரங்கப்பாதையின் வாயைப் பார்க்கும்வரை காலைப் பெடலிலிருந்து எடுக்க முடியாது.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து, சனிக்கிழமை மதியம் கோலாகங்சாருக்குப் போய்க்கொண்டிருந்தோம். தைப்பூசத்துக்கு வந்திருந்த பெரியம்மாவைக் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும். பின்னால் அம்மாவும் பெரியம்மாவும், மடியில் முறுக்கு டின்னும் வாழைத்தாரும். முன்னால் என் பக்கத்தில் தம்பி. ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தின் பாதியில் எங்கள் மைவி 80-லிருந்து 70-க்கு இறங்கியது, பிறகு 65. பெடல் தரையில் முட்டுகிறது. கியர் தானாகவே இறங்கி எஞ்சின் கத்துகிறது. கார் மட்டும் போகவில்லை. பின்னால் வந்த சிமெண்டு லோரி ஹார்ன் அடித்தபோது பெரியம்மா முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஏர்கோனை அடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அண்ணே, இதுக்கு ஓப்பன் பாட் போடணும்ணே" என்றான் தம்பி.

அப்படித்தான் இந்தக் கதை ஆரம்பித்தது.

கார் எங்கள் அப்பா வாங்கியது. 2010-இல் எடுத்த 1.3 மைவி, ஆட்டோ கியர். பள்ளிப் பேருந்து ஓட்டி, ஒன்பது வருடக் கடனை மாதா மாதம் கட்டி முடித்தார். 2021 ஆகஸ்டில் அவர் தவறிப்போனார். அந்த மாதம் நம் நாட்டில் எத்தனை வீடுகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு காரை நான் ஓட்டுகிறேன். வேலை பாயான் லெப்பாஸில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். அம்மாவும் தம்பியும் புந்தோங்கில். பெரும்பாலான வெள்ளிக்கிழமை இரவுகளில் வருவேன், ஞாயிறு மாலை திரும்புவேன். தம்பி படிப்பை முடித்ததும் இந்த மைவி அவனுக்கு என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்பாவே அப்படிச் சொன்னதாக அவன் சொல்வான். நான் கேட்டதில்லை. ஆனால் மறுத்ததும் இல்லை.

ஆகவே ஓப்பன் பாட் என்று அவன் சொன்னபோது அது அவனுடைய வருங்காலக் காரைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது.

கார் விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. எங்கள் மைவியின் தொட்டி 40 லிட்டர். ஒரு முறை தொட்டியைக் காலி செய்வதற்குள் அந்தச் சின்ன எஞ்சின் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுத்துவிடுகிறது. அந்தக் காற்றில் ரோட்டுத் தூசு, டயர்த் தூள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண், புகைமூட்டக் காலத்தில் சாம்பல் எல்லாம் இருக்கும். மணல் தூசு உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஏர் ஃபில்டர். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். அவ்வளவுதான்.

ஓப்பன் பாட் என்றால் அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயின் முனையில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுவது. சிலர் அதைக் காளான் என்பார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வாரம் தம்பி என்னை ஒரு அக்சஸரி கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். சுவர் முழுக்கச் சிவப்பு, நீலம், ஊதா என்று கூம்புகள் தொங்கின. கூம்பு 120 வெள்ளி. பழைய பெட்டிக்குள்ளேயே வைக்கக்கூடிய எஃகு வலை ஃபில்டர் 160. எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர், கழுவிக் கழுவிப் போடலாம், 200. கடைக்காரப் பையன் நல்லவன்தான், வியாபாரம் தெரிந்தவன். "பத்து பர்சென்ட் மிஞ்சும் பாஸ்" என்றான். எனக்கு மாதம் பெட்ரோலுக்கு 300 வெள்ளி ஆகிறது. பத்து சதவீதம் என்றால் 30 வெள்ளி. நான்கே மாதத்தில் கூம்புக் காசு திரும்பிவிடும். கணக்கு அவ்வளவு அழகாக வந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. தொழிற்சாலையில் பதினோரு வருடமாக நான் செய்யும் வேலை அழகான கணக்குகளைச் சந்தேகப்படுவதுதான்.

"முதல்ல இப்ப உள்ள ஃபில்டர் எப்படி இருக்குன்னு பாப்போம்டா" என்றேன். தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது. அவனைப் பொறுத்தவரை இது ஒத்திப்போடும் தந்திரம். பாதி உண்மை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மேன் அண்ணனிடம் போனோம். அப்பாவின் பேருந்தையும் அவர்தான் பார்த்தார். பானெட்டைத் திறந்தார், பெட்டியின் கிளிப்புகளைத் தட்டி விட்டார், ஃபில்டரை வெளியே எடுத்தார். எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார்.

அது ஃபில்டர் என்றே சொல்ல முடியாது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. மடிப்புகளுக்கு நடுவே காய்ந்த இலை, ஏதோ பூச்சியின் இறக்கை. ரப்பர் விளிம்பில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: 13/3/21 – 148,200.

அப்பாவின் எழுத்து. எட்டு என்ற எண்ணை இரண்டு வட்டங்களாகத்தான் போடுவார், ஒன்றன் மேல் ஒன்று.

பேருந்தில் எதை மாற்றினாலும் அதன் மேலேயே தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைப்பது அவர் பழக்கம். பேட்டரி, பெல்ட், பல்பு வரைக்கும். காரிலும் அப்படித்தான் செய்திருக்கிறார். மூன்று வருடமாக அந்த எழுத்து என் கண்ணெதிரே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருந்திருக்கிறது. மீட்டரைப் பார்த்தேன். 193,000-ஐத் தாண்டியிருந்தது. 45,000 கிலோமீட்டர் நான் அதே ஃபில்டரில் ஓட்டியிருக்கிறேன்.

ஏமாந்தது எப்படி என்று யோசித்தேன். நான் எண்ணெய் மாற்றுவது பினாங்கில், அவசர அவசரமாக, சனிக்கிழமை காலை வேலைக்கு நடுவே. பில்லில் ஒவ்வொரு முறையும் 'ஃபில்டர்' என்று இருக்கும். அது எண்ணெய் ஃபில்டர். காரில் உள்ள எல்லா ஃபில்டரும் அதில் அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரும் பொய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறர் செய்த பொருளில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். வெட்கமாக இருந்தது. தம்பி அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

அண்ணன் புதுக் காகித ஃபில்டர் ஒன்றை எடுத்து வந்தார். 25 வெள்ளி. "ஸ்பார்க் பிளக்கும் மாத்திடவா? அதுவும் பழசு" என்றார். வேண்டாம், அடுத்த முறை என்றேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. தம்பி கண்ணை உருட்டினான். என் தொழில் புத்தி அவனுக்கு எப்போதும் எரிச்சல்.

பழைய ஃபில்டரை அண்ணன் குப்பைத் தொட்டியில் போடப் போனார். வேண்டாம் என்று வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி பூட்டில் வைத்தேன்.

அன்று மதியமே பெரியம்மா வீட்டுக்கு ஒரு வேலை உண்டாக்கிக்கொண்டு கிளம்பினோம். வாழைத்தார் இல்லை, மற்றபடி முந்தைய பயணம் மாதிரியேதான். அம்மா பின்னால், தம்பி முன்னால், ஏர்கோன் அதே எண்ணில். அந்த ஏற்றத்தில் வேகம் காட்டிப் பார்ப்பது முட்டாள்தனம், அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி பேராக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதனால் எங்கள் சோதனை ஒன்றே ஒன்றுதான்: 80-ஐப் பிடித்துக்கொண்டு மேலே போக முடிகிறதா? முடிந்தது. கியர் ஒரு முறை இறங்கியது, எஞ்சின் குரல் உயர்ந்தது, ஆனால் முள் 80-ஐ விட்டு அசையவில்லை. பெடலில் இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. சுரங்கத்துக்குள் நுழையும்போது அம்மா, "இன்னிக்குக் காடி நல்லாப் போகுதே" என்றார். பெரியம்மா இல்லாத எடையும் அதில் கொஞ்சம் உண்டு என்று தம்பி சொன்னான். நியாயமான ஆட்சேபணைதான். குறித்துக்கொண்டேன்.

பிறகு இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதையே சோதித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வேண்டுமென்றே அடைத்த ஃபில்டரோடும் புது ஃபில்டரோடும் இக்காலக் கார்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோல் செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பெடலை முழுக்க மிதிக்கும்போது வேகம் எடுப்பதில்தான் வித்தியாசம். எனக்கு நடந்ததும் அதுதான். சமதரையில் மூன்று வருடம் ஒன்றும் தெரியவில்லை, ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது.

காரணம் எளிது. நாம் சாதாரணமாக ஓட்டும்போது எஞ்சினுக்குப் போகும் காற்றைத் தடுத்து வைத்திருப்பது ஃபில்டர் இல்லை, நம் கால்தான். பெடலோடு சேர்ந்த த்ரோட்டல் கதவு பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும். எவ்வளவு காற்று வருகிறது என்பதைக் கணினி பார்த்து, அதற்கேற்றபடி பெட்ரோலை அளந்து விடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும், நம் அப்பாக்கள் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. இப்போதைய கார்களில் அடைத்த ஃபில்டரே பெட்ரோலைத் தின்னவில்லை என்றால், விலை கூடிய ஃபில்டர் எங்கிருந்து மிச்சம் பிடிக்கும்? கடைக்காரப் பையனின் பத்து சதவீதம் அங்கேயே கரைந்துபோனது.

தம்பி இதையெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்போ புல் மிதி மிதிச்சா கூம்பு நல்லாப் போகும்தானே?" என்றான். கெட்டிக்காரன். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

அந்த வாரம் தன் நண்பனிடமிருந்து ஒரு சிவப்புக் கூம்பை இரவல் வாங்கி வந்துவிட்டான். சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் பெட்டியைக் கழற்றி, அவனே மாட்டினான். நான் பக்கத்தில் நின்று ஸ்குரூகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை சுத்தமாகத்தான் செய்தான், அதைச் சொல்ல வேண்டும். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா கேக் செய்வதற்கு வைத்திருக்கும் வெப்பமானி, நீளக் கம்பியின் நுனியில் ஊசி உள்ளது. அந்த ஊசியைக் கூம்பின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, கம்பியை பானெட் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து ஜன்னலில் நுழைத்தோம். கிளம்புவதற்கு முன் பழைய பெட்டியை வைத்தும் ஒரு சுற்று சுற்றி எண்ணை எழுதிக்கொண்டோம். அம்மா சமையலறையில் வெப்பமானியைத் தேடிக்கொண்டிருந்தார், நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பெடலை மிதித்ததும் வந்த அந்த உறுமல், ஐயோ! பெட்டி இருந்தவரை அந்தச் சத்தத்தை அது விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உண்மையிலேயே பெட்டியும் குழாய்களும் இழுக்கும் சத்தத்தை அடக்குகிற மாதிரிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை எடுத்தவுடன் பதினான்கு வயது மைவி ரேஸ் கார் மாதிரி குரல் கொடுத்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்த ஞாபகம் இல்லை.

"என்னடா காடி இப்படி இருமுது? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் பின்னால் இருந்து அம்மா.

வெளியே 34 பாகை. ஈப்போ டவுனில் சனிக்கிழமை நெரிசல், விளக்குக்கு விளக்கு நின்று நின்று போனோம். பழைய பெட்டியின் வாயில் அதே நெரிசலில் 39 இருந்தது. கூம்பின் பக்கத்தில் 58. நெடுஞ்சாலையில் ஏறிக் காற்று அடித்த பிறகு இறங்கியது, ஆனால் ஏற்றத்தில் 46-க்குக் கீழே வரவில்லை. கேக் வெப்பமானி, டேப், ஒரே ஒரு பயணம். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை தெளிவாகத் தெரிந்தது. பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. கூம்பு எஞ்சினின் சூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தச் சூட்டையே இழுக்கிறது. சூடான காற்று விரிந்து மெலிந்த காற்று. 34 பாகையிலிருந்து 58-க்குப் போனால், அதே ஒரு லிட்டர் இடத்தில் காற்றின் எடை சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும். 46 என்றால் 4 சதவீதம். எஞ்சினுக்கு எடைதான் கணக்கு. கூம்பு தாராளமாக விடுவதையெல்லாம் சூடு திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

ஏற்றத்தில் கார் 80-ஐப் பிடித்தது. காகித ஃபில்டரில் எப்படியோ அப்படி. பெடலில் மிச்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது, தம்பிக்குக் கூடின மாதிரி தோன்றியது. காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது. அதனால் அதை இரண்டு பேருமே எழுதவில்லை.

கூம்பைக் கழற்றும்போதுதான் சண்டை வந்தது. நான் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி பேசியிருக்க வேண்டும். "இது அப்பா காருடா, விளையாட்டுச் சாமான் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அப்பா பஸ்ஸுல எத்தனை லைட்டு மாட்டினாரு? மியூசிக் ஹார்ன் மாட்டலையா? அதுக்கு அம்மாகிட்ட எவ்ளோ திட்டு வாங்கினாரு? அப்பா கார் அப்பா கார்னு சொல்றியே, அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் காலையில் ஓடி வருவார்கள். நீலமும் பச்சையுமாகப் பேருந்தின் உள்ளே ஒரு தொடர் விளக்கு, தீபாவளிக்குப் போட்டது, வருடம் முழுவதும் எரிந்தது. அப்பா பெல்ட்டில் தேதி எழுதிய மனிதரும்தான், மியூசிக் ஹார்ன் மாட்டிய மனிதரும்தான். நான் எனக்குப் பிடித்த பாதியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தம்பி மற்றப் பாதியை. நான் பதில் சொல்லவில்லை. ஸ்குரூக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன், அவன் பெட்டியைத் திரும்ப மாட்டினான்.

மற்ற ஃபில்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் வாங்கும் யோசனையில் இருக்கலாம். எஃகு வலை ஃபில்டரை நான் கடையிலேயே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேசை விளக்கு பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அவ்வளவு ஓட்டை வழியாகக் காற்று நன்றாகவே போகும், தூசும் போகும். ஃபோர்மேன் அண்ணன் அப்படி ஒரு ஃபில்டர் போட்ட வாடிக்கையாளர் காரின் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். விரல் நுனியில் நறநறவென்று இருந்தது. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தினமும் ஓடுகிற கார் அது. என் கண்ணில் அதற்கு மேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

எண்ணெய் தடவிய பருத்தி அந்த அளவுக்கு மோசமில்லை, ஒழுங்காகப் பராமரிப்பவருக்கு நல்ல சாமான். ஆனால் கழுவ வேண்டும், வெயிலில் அவசரப்படாமல் முழுக்கக் காயவிட வேண்டும், பிறகு அளவாக எண்ணெய் தடவ வேண்டும். கூடிப்போனால் அந்த எண்ணெய் உள்ளே போய், காற்றை அளக்கும் கம்பி உணரி உள்ள கார்களில் அதன் மேல் படிந்து கணக்கைக் கெடுக்கும். வீட்டில் இருப்பதோ ஒரே கார். காயும்வரை அம்மாவை எதில் ஏற்றிக்கொண்டு போவது? விலையையும் பாருங்கள். 200 வெள்ளிக்கு எட்டுக் காகித ஃபில்டர் வாங்கலாம். 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன், அப்படியானால் 160,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் இந்த மைவி ஓடினால் அதற்கு நாமே பொங்கல் வைக்கலாம்.

குழாயை நீட்டி பம்பருக்குக் கீழே குளிர்ந்த காற்றுக்குக் கொண்டுபோகும் வகை ஒன்றும் உண்டு. கொள்கைப்படி கூம்பை விட அதுதான் சரி, சூட்டை விட்டு விலகிவிடுகிறது. தம்பி அடுத்து அதைத்தான் காட்டினான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை அவனுக்கு நினைவுபடுத்தினேன். தேங்கிய நீரில் காரை விடும்போது முதலில் நனைவது பம்பர். அங்கே எஞ்சினின் மூக்கை வைத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், உள்ளே உள்ள கம்பி வளையும், எஞ்சின் போய்விடும். ஒரு மணி நேர மழைக்கே நம் டவுன்களில் ரோடு எங்கே வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் போகிறது. இதில் அவன் வாதாடவில்லை.

காகிதத்துக்கு நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். எஞ்சினையே திறந்து வேலை செய்து, கணினியையும் மாற்றி, பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. எங்கள் மைவி 1,298 சிசி. 6,000 சுற்றில் கத்தும்போதுகூட நிமிடத்துக்கு 3,900 லிட்டருக்கு மேல் அதனால் காற்றை இழுக்க முடியாது. அந்தப் பெட்டியும் காகிதமும் அதற்குத் தகுந்தே செய்யப்பட்டவை. இன்னொன்று, காகித ஃபில்டரில் லேசாகத் தூசு படிந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் படிவே நுண்ணிய தூசைப் பிடிக்க உதவுகிறது. வாரா வாரம் கழற்றித் தட்டுவதும், காற்றடிக்கும் குழாயை நெருக்கிப் பிடித்து ஊதுவதும் காகிதத்தைத்தான் கிழிக்கும். அப்பா சுவரில் தட்டுவார். அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

மார்ச்சில் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினோம். ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் லேசானது. பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு முறை போய்ப் பார்த்தோம், தம்பியின் ஆட்சேபணையைத் தீர்ப்பதற்காக. 80 நின்றது. பெரியம்மாவுக்கு எதற்குத் தன்னை வீட்டுக்கும் ஈப்போவுக்கும் அலைக்கழிக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது.

தம்பி கூம்புக்குச் சேர்த்து வைத்திருந்த 120 வெள்ளியில் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி மாட்டினான். பாஸ் அதிகம், கதவு அதிர்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, வாய் திறக்கவில்லை. வரும் ஆகஸ்டில் படிப்பு முடிகிறது, கார் அவன் கைக்குப் போகும். அதன் பிறகு கூம்பு வேண்டுமானால் போட்டுக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பாப்போம்ணே" என்றான். என்ன பார்ப்பான் என்று தெரியவில்லை.

பழைய ஃபில்டர் இன்னும் பூட்டில்தான் கிடக்கிறது, ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில். அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி எழுத்தைப் பார்த்தார், "தூசியா இருக்கு, வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு வெகு நேரம் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான்.

புது ஃபில்டரின் விளிம்பிலும் எழுதியிருக்கிறது. அன்று பட்டறையில் அண்ணன் பெட்டியை மூடப் போனபோது, வெளியே நின்றிருந்த தம்பி உள்ளே வந்து, மேசை மேல் இருந்த மார்க்கரை எடுத்து எழுதினான்: 17/2/24 – 193,640. கோழி கிளறிய மாதிரி எழுத்து. இந்த வாரம் மீட்டர் 211,900-ஐத் தொட்டது. அடுத்த மாதம் பெட்டியைத் திறக்க வேண்டும். மார்க்கர் பேனா ஒன்று வாங்கி டாஷ்போர்டில் போட்டிருக்கிறேன், வெயிலில் மை காய்ந்துபோகாமல் இருந்தால் சரி.